அடுப்படியைத் தாண்டாத நடையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழ் மதிப்புரையில் ஓர் இளம்பெண் எழுதிய நாவலைப் பற்றி, 'நடை நன்றாக இருக்கிறது, ஆனால் அடுப்படியைத் தாண்டவில்லை' என்று எழுதியிருக்கிறார் உங்கள் விமர்சகர். எழுதட்டும். விமர்சகர் என்றால் ஒரு குறையாவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

ஓர் ஆண் தன் ஊர்க் கண்மாயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினால் மண்வாசனை என்று கொண்டாடுகிறீர்கள். ஒரு பெண் வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் நடந்ததை எழுதினால் மட்டும் வீட்டுக்கதை. எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் வளவு வீட்டில், அதாவது கூட்டாகக் குடியிருக்கும் பெரிய வீட்டில், ஒரு வாரம் இருந்து பார்த்தவர் இப்படி எழுதமாட்டார். கல்யாணமான ஒவ்வொரு மகனும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். ஒரே கூரைக்குக் கீழே தனித்தனி அடுப்பு, தனித்தனிக் கணக்கு. யார் கையில் காசு இருக்கிறது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அடுப்படிக்குத்தான் தெரியும். முகப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு வந்துபோன விருந்தாளியைத் தெரியும், அவ்வளவுதான்.

தங்களுக்குத் தெரியாததா? 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில், ஒரு பெரிய குடும்பத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அம்பை அடுப்படியை வைத்தே சொல்லிவிடவில்லையா? 1992இல் 'கருக்கு' என்ற தன்வரலாற்றை எழுதிய தலித் எழுத்தாளர் பாமா யாரிடமும் அனுமதி கேட்டு நிற்கவில்லை. தன் சனங்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். அந்தப் பேச்சுதான் அவருக்கு அதிகாரம். சரி, வெளியே போய் எழுதினால்தான் எழுத்து என்றால், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' எழுதினாரே ராஜம் கிருஷ்ணன், 1973லேயே சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், அவரைப் பற்றித் தங்கள் இதழ் கடைசியாக எப்போது எழுதியது?

எனக்கும் பட்ட அனுபவம் உண்டு. இங்கே ஓர் இலக்கியக் கூட்டத்தில், என் அப்பத்தா பினாங்கில் இருந்த ஐயாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, எழுதிய கடிதங்களைப் பற்றிக் கட்டுரை படித்தேன். வட்டிக் கணக்கு, வேலித் தகராறு, நாத்தனார் கல்யாணச் சாமான் என்று ஒரு வரி வீண்போகாத உரைநடை அது. தலைமை வகித்தவர், "ஆச்சி கட்டுரையிலும் கைமணம் தெரிகிறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் நன்றியுரையும் என் தலையில்தான். ஐயாவின் கடைக் கணக்கேடுகளை ஆராய்ச்சிக்கென்று பத்திரமாக வாங்கிப் போனார்கள். அப்பத்தா கடிதங்களில் பாதி பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது.

தங்கள் இதழிலிருந்தும் செட்டிநாடு சிறப்பிதழுக்கு என்று வருவார்கள். கேட்பது வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி எவ்வளவு, உளுந்து எவ்வளவு. நானும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஏதாவது எழுதுவதுண்டா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போகட்டும். அந்த மதிப்புரையில் நாவலின் பதிப்பகமும் இல்லை, விலையும் இல்லை. காரைக்குடியில் புத்தகக் கடைக்காரர் பதிப்பகம் தெரிந்தால்தான் வரவழைக்க முடியும் என்கிறார். அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில் அதை மட்டுமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி