எஞ்சின் விடும் தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

படகின் பின்னால் மாட்டும் பழைய 8 எச்பி அவுட்போர்டு மோட்டார் வாங்கியிருக்கிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். டூ ஸ்ட்ரோக் என்றாய். நல்லது, நீயே பிரித்துப் பார்க்கக்கூடிய எஞ்சின். பெட்ரோலில் கலக்கும் ஆயில்தான் அதன் உயிர். பெரும்பாலும் 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. இன்னும் பழையது என்றால் 25:1கூடக் கேட்கும். மேனுவலைப் பார்த்து முடிவு செய், விற்றவர் வாய்ச்சொல் போதாது. பைக்குக்கு ஊற்றும் டூடி ஆயிலை ஊற்றிவிடாதே. தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கென்று டிசி-டபிள்யூ3 என்று போட்டே ஆயில் வருகிறது.

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திற, பெட்ரோல் குழாயில் உள்ள ரப்பர் பல்பைக் கெட்டியாகும்வரை அமுக்கு, நியூட்ரலில் வை, சோக்கை இழு. ஸ்டார்ட் செய்யும் கயிற்றை எடுத்த எடுப்பில் வெடுக்கென்று இழுக்காதே. பிடி கிடைக்கும்வரை மெதுவாக, அப்புறம் ஒரே இழுப்பு.

எஞ்சின் பிடித்ததும் உன் கண் முதலில் போக வேண்டிய இடம், பின்னால் சின்ன ஓட்டையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உன் வயதில் நான் ஒருநாள் அது நூல்போல மெலிந்து வருவதைப் பார்த்தேன். கரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் கருகும் வாடை, அப்புறம் எஞ்சின் இறுகிப்போய் நின்றது. பிரித்தால், தண்ணீரை உறிஞ்சி எஞ்சினுக்கு ஏற்றும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் சக்கரம், அதான் இம்பெல்லர், ஆறு இதழில் இரண்டைக் காணோம். அறுந்த துண்டுகள் தண்ணீர் போகும் வழியை அடைத்துக் கிடந்தன. அந்தச் சக்கரத்தை அந்த வருடமே மாற்றியிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் சொல்கிறேன், உன் மோட்டாரில் இம்பெல்லரை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்று, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. இதழ் அறுந்திருந்தால் துண்டு கிடைக்கும்வரை தேடு. தண்ணீர் நின்றால் உடனே எஞ்சினை அணை. மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால் தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் பாசியோ பிளாஸ்டிக் பையோ ஒட்டியிருக்கும். அங்கே சுத்தமாக இருந்தால், பீய்ச்சும் ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டுக் குத்திப் பார். தண்ணீர் இல்லாமல் மட்டும், சத்தம் கேட்கலாம் என்றுகூட, ஸ்டார்ட் செய்யாதே. ஈரம் இல்லாத இடத்தில் அந்த ரப்பர் உரசியே தேய்ந்துவிடும்.

உப்புத் தண்ணீரில் ஓட்டிய நாளெல்லாம் திரும்பி வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, பத்து நிமிடம் நியூட்ரலில் ஓடவிடு. அலுப்பாக இருந்தாலும் விடாதே. சில வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் கடைசியில் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிடு, கார்புரேட்டரில் இருப்பது எரிந்து தானே நிற்கட்டும். தேங்கிய பெட்ரோல் பிசினாகி, பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையான ஜெட்டை அடைத்துவிடும்.

பெட்டியில் இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், குறடு, ஷியர் பின் (புரொப்பெல்லர் எதிலாவது மோதினால் தான் உடைந்து கியரைக் காப்பாற்றும் சின்ன ஊசி) போட்டு வை. போட்டின் பின்பலகையில் மோட்டாரைப் பிடிக்கும் திருகுகளை ஓட்டத்துக்கு இடையிலும் ஒருமுறை முறுக்கிப் பார், அதிர்வில் தளரும்.

நிறுத்தும் கயிறு ஒன்று இருக்கும், சிவப்பாகச் சுருண்டு. அது கழன்றால் எஞ்சின் நின்றுவிடும். ஸ்டார்ட் செய்யும் முன்பே அதை மணிக்கட்டில் மாட்டிக்கொள். அது இல்லாமல் நீ தவறி விழுந்தால் ஆளில்லாத போட்டு நேராகப் போகாதம்மா, வளைந்து உன்மேலேயே திரும்பி வரலாம், அடியில் புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டு. இதில் மட்டும் அப்பா கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்துக் கரைக்குத்தானே என்று ஒருநாளும் விட்டுவிடாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டாரின் அடிப்பகுதியில் உள்ள கியர் ஆயிலைத் திறந்து பார். அடித் திருகை முதலில் கழற்று, அப்புறம் மேல் திருகை. பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தால், தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றிப் பார், தூண்டில் நரம்பு சுற்றி சீலை அறுத்திருக்கலாம். புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்று, மேலே வழியும்வரை. வாஷர் இரண்டும் புதிதாகப் போடு. பழைய ஆயில் என்ன நிறத்தில் வந்தது என்று அன்றைக்கே எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா