ரிச்சி தெரு ரிப்பேர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். போன் போர்டில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ, ப்ளஸ் பக்கம் ஒரு கோட்டோடு உட்கார்ந்திருக்குமே, மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கித் தரும் அந்த டேன்டலம் கெபாசிட்டரைப் பற்றி எழுதுகிறேன். ஷார்ட் ஆகிவிட்டால் ஹாட் ஏர் காட்டி எடுத்து ஓரமாகப் போட்டுவிடுவீர்கள்.

அதிலுள்ள டேன்டலம் என்ற உலோகம் கோல்டான் என்ற தாதுவிலிருந்து வருகிறது. கோல்டான் அதிகம் தோண்டப்படும் இடங்களில் ஒன்று கிழக்கு காங்கோ. அங்கேதான் ககூசி-பியேகா தேசியப் பூங்காவும் இருக்கிறது. குரங்கினத்திலேயே மிகப் பெரிதான கிரவர் கொரில்லாவுக்கு உலகத்தில் வேறெங்கும் வீடில்லை, கிழக்கு காங்கோ மட்டும்தான். 2000இல் டேன்டலம் விலை எகிறியதும் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியோடு அந்தக் காட்டுக்குள் புகுந்தார்கள். நடுக்காட்டில் கடைகண்ணி ஏது? கண்ணில் பட்ட விலங்கைச் சுட்டுத் தின்றார்கள். யானையும் தப்பவில்லை. பூங்காவின் மலைப்பகுதியில் இருந்த கொரில்லாக்களில் ஏறக்குறைய பாதி, காங்கோவில் அந்த வருடங்களில் நடந்த போரின் காலத்தில் அழிந்துபோயின. தோண்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி ஏந்தியவர்களுக்குக் கப்பம் கட்டிக்கொண்டு வயிற்றுக்காக மண்ணைக் கிளறியவர்கள் அவர்கள்.

சரி, பழைய போனை மறுசுழற்சிக்குக் கொடுத்தால் கொரில்லா பிழைத்துவிடுமா? போர்டிலிருந்து தங்கம், செம்பு, வெள்ளியெல்லாம் நன்றாகவே மீட்கிறார்கள். டேன்டலம் மிகக் கொஞ்சம்தான் திரும்பக் கிடைக்கிறது. அதனால்தான் ஆலைக்காரர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு போனை நீங்கள் இன்னும் இரண்டு வருடம் ஓடவைத்தால், அத்தனை நாளும் அந்த வீட்டுக்குப் புது போர்டு தேவையில்லை. செத்த போர்டிலிருந்து நல்ல ஐசியை, அதாவது சிப்பைக் கழற்றி இன்னொன்றில் வைக்கிறீர்களே, அதைவிடப் பெரிய மறுசுழற்சி எனக்குத் தெரிந்து இல்லை. "புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லும் முன் இன்னொரு தடவை மீட்டர் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், ஒன்றுக்கும் ஆகாத போர்டுகள். எடைக்குப் போட்டால் அவற்றில் பல ஆசிட்டில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கும் கொட்டகைகளுக்குப் போய்ச் சேருகின்றன. தங்கத்தை எடுத்த பிறகு ஆசிட்டும் ஈயமும் கால்வாயில்தான். அங்கே மீன் பிடிக்கும் கொக்கும் நாரையும் மீனோடு சேர்த்து அந்த நஞ்சையும் தின்கின்றன. முறையான ஆலையில் தங்கத்தோடு, பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் சோல்டரில் இருக்கும் வெள்ளீயத்தையும் மீட்க வழி உண்டு. அவ்விரண்டும் அதே கிழக்கு காங்கோவில் தோண்டப்படுபவைதான்.

2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவை பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போகவேண்டும். ஒரு கடையின் அரை மூட்டைக்காக யாரும் வண்டி அனுப்பமாட்டார்கள் என்பது புரிகிறது. தெரு முழுக்கச் சேர்ந்து ஒரே இடத்தில் சேர்த்தால் வருவார்கள், விலையும் பேசலாம். உங்கள் சங்கம் இதை எடுத்துச் செய்யவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கூடவே கடை வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். மேசை இழுப்பறையில் செத்த போன் கிடக்காத வீடே இல்லை. போட்டோக்கள் யார் கையிலாவது சிக்கிவிடுமோ என்றுதான் பலர் கொடுக்கத் தயங்குகிறார்கள். கண்ணெதிரே அழித்துத் தருகிறோம் என்று பெட்டிமேல் எழுதி ஒட்டுங்கள். கொண்டுவந்து போடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்