பத்திரத்துல ரெண்டு வரி சேர்த்து எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல வயசானவங்க மனுவைக் கையில வச்சுக்கிட்டு தரையில உக்காந்திருக்குற போட்டோ உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, மேல பெத்த மகனே விரட்டிட்டான்னு பெருசா ஒரு தலைப்பு. படிக்கிறவங்க த்சு கொட்டிட்டு அடுத்த பக்கம் போயிடுறாங்க. நான் பத்திர ஆபீஸ் பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், மனுவும் டைப் பண்ணிக் கொடுப்பேன், அதனால அந்த போட்டோவுக்கு முந்தின கதை பாதி என் கடை வழியாத்தான் போகுது. பிள்ளைங்க மோசம்னு சொல்லிட்டு விட்டா போதாதுங்க, பெரும்பாலான கேஸ்ல சிக்கல், சொத்தைப் பிள்ளை பேருக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்துலயே இருக்கு.

உயிரோட இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைக்குச் சும்மா கொடுக்குற தான செட்டில்மெண்ட் பத்திரம் எத்தனையோ என் மெஷின்ல போயிருக்கு. எல்லாத்துலயும் வாசகம் ஒண்ணுதான். "தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்"னு ஆரம்பிச்சு, "இன்று முதல் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டனுபவித்துக் கொள்ள வேண்டியது"ன்னு போயி, "இந்த செட்டில்மெண்டை எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை கிடையாது"ன்னு முடியும். எழுதிக் கொடுக்குற அப்பா கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்திருப்பாரு, மகன் "இங்க வைப்பா"ன்னு காட்டுற இடத்துல கையெழுத்து, அப்புறம் உள்ள போயி போட்டோ, கைரேகை, அவ்வளவுதான். அந்தக் கடைசி வரியை யாரும் அவருக்குப் படிச்சுக் காட்டுறதே இல்ல. தக்காளித் தோட்டம், கிணறு, மோட்டார் சர்வீஸ், குடியிருக்குற வீடு எல்லாம் அன்னிக்கு சாயங்காலமே மகன் பேருக்குப் போயிடுது. அதுக்கப்புறம் அந்த வீட்டுத் திண்ணையில படுக்குறதுக்குக்கூட சட்டப்படி அவருக்குன்னு ஒண்ணும் இல்ல.

இதுல ரெண்டே வரி சேர்த்தா போதும்னுதான் என்கிட்ட வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒண்ணு, என் ஆயுள் உள்ளவரைக்கும், எனக்கப்புறம் என் மனைவி ஆயுள் உள்ளவரைக்கும் சொத்துல குடியிருக்கவும் மகசூல் எடுக்கவும் அனுபவ பாத்தியம் எங்களுக்கே. ரெண்டாவது, சாப்பாடு, துணிமணி, மருந்து, வைத்தியச் செலவு எல்லாம் நீ பார்க்கணும், தவறினா இந்த செட்டில்மெண்ட் ரத்தாகும். 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டத்துல 23-வது பிரிவு இதுக்காகவே இருக்கு. பார்த்துக்கணும்ங்குற நிபந்தனையில கொடுத்த சொத்தை வாங்கிக்கிட்டு பார்க்காம விட்டா அந்தப் பத்திரமே செல்லாதுன்னு தீர்ப்பாயம் சொல்லலாம். அந்த சட்டம் வந்ததுக்கு அப்புறம் எழுதின பத்திரத்துக்குத்தான் இது, அதுக்கு முன்னாடி எழுதினதுக்குப் பொருந்தாது.

"அதெல்லாம் எழுதலைனாலும் இப்ப கோர்ட்டுல ரத்து பண்ணித் தர்றாங்களாமே"ன்னு கேக்குறாங்க. பண்றாங்கதான், ஆனா அது ஒரே மாதிரி போகலைங்க. 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, பார்த்துக்கணும்னு நிபந்தனை இருந்துச்சுன்னு காட்டணும், சும்மா அன்பினால கொடுத்தேன்னு இருந்தா போதாதுன்னு சொல்லிச்சு. 2025 ஜனவரியில மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருத்தங்க கேஸ்ல அதே சுப்ரீம் கோர்ட்டு, இது பெரியவங்களைக் காப்பாத்த வந்த சட்டம், தாராளமாத்தான் பார்க்கணும்னு சொல்லி அவங்க மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை ரத்து பண்ணிச்சு, அந்த மகன் பார்த்துக்குறேன்னு தனியா ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்திருந்தான். அடுத்த ரெண்டு மாசத்துல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டு ஒரு படி மேல போயி, அன்பும் பிரியமும்னு எழுதினதுலயே பார்த்துக்கணும்ங்குறது அடங்கியிருக்குன்னு சொல்லிச்சு. நல்ல தீர்ப்புதான், ஆனா எழுபத்தஞ்சு வயசுல நம்ம கேஸ் எந்தத் தீர்ப்பு பக்கம் போகும்னு காத்துக்கிட்டிருக்க யாரால முடியும். பத்திரத்துல எழுதிட்டா பேச்சே இல்லையே.

ஏற்கனவே எழுதிக் கொடுத்து ஏமாந்தவங்க நேரா ஆர்டிஓ-கிட்ட, அதாவது வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மனு போடலாம், அவர்தான் தீர்ப்பாயம். தர்மபுரி மாவட்டத்துல தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி பக்கம் கிருஷ்ணகிரியும் ஓசூரும். வக்கீல் வச்சுக்கத் தேவையில்ல, சட்டமே அங்க வக்கீல் வாதாடுறதுக்கு இடம் கொடுக்கல. மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் ஜீவனாம்சம் போட முடியும், பிள்ளைங்களுக்கு நோட்டீஸ் போன 90 நாளைக்குள்ள முடிக்கணும்னு இருக்கு, தேவைப்பட்டா இன்னும் 30 நாள். பிள்ளை இல்லாதவங்க, தங்க சொத்து யாருக்குப் போகப்போகுதோ அந்த சொந்தக்காரங்க மேல கேக்கலாம். இந்த விவரத்தை அந்த போட்டோவுக்குக் கீழயே நாலு வரியில போட்டா எவ்வளவு பிரயோஜனம்.

சரி, பேசாம உயில் எழுதிடலாமேன்னா, அது நல்லதுதான், உயிரோட இருக்குற வரைக்கும் சொத்து நம்ம கையிலயே இருக்கும், மனசு மாறினா மாத்தி எழுதிக்கலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும். முத்திரைத்தாள் கூட வேணாம், வெள்ளைப் பேப்பர் போதும், நாம கையெழுத்துப் போடுறதைப் பார்த்த ரெண்டு சாட்சி வேணும். ரிஜிஸ்டர் பண்றது கட்டாயம் இல்ல, ஆனா பண்ணிடுங்க. உயில்படி சொத்து கிடைக்கப்போறவனையே சாட்சி போட வைக்காதீங்க, நம்மளைவிட வயசு கம்மியான ஆளா பாருங்க, நாம போறதுக்கு முன்னாடி சாட்சி போயிட்டா யாரைத் தேடுறது. பாட்டன் வழி சொத்துன்னா உங்க பங்கை மட்டும்தான் உயில்ல எழுத முடியும், பொண்ணுங்களுக்கும் அதுல பங்கு உண்டுங்குறதை மறந்துட்டு எழுதுறவங்க நிறைய. பிள்ளைங்க பக்கமும் நியாயம் இல்லாம இல்ல, செட்டில்மெண்ட்னா உடனே பட்டா மாறும், அதை வச்சு லோன் வாங்கலாம், குடும்பத்துக்குள்ளங்குறதால முத்திரைத்தாள் ஒரு பர்சென்ட், அதுவும் 40,000-க்கு மேல போகாது. ஓசூர்ல சிப்காட்ல வேலை பார்க்குறவன் ஊர்ல வீடு கட்ட லோன் கேட்டா பேங்க்ல அவன் பேர்ல பத்திரம் கேக்குறாங்க. அப்படி அவசியம் வந்தா அந்த மனைக்கட்டை மட்டும் எழுதிக் கொடுங்க, மிச்சத்தை வச்சுக்குங்க.

இன்னொரு விஷயம் யாருமே கணக்குல சேர்க்குறதில்ல. அப்பா ஸ்ட்ரோக்ல விழுந்து ரெண்டு வருஷம், மூணு வருஷம் படுக்கையில கிடந்தா அந்தச் செலவு யாருது? காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரியில சேர்த்தாத்தான். வீட்டுல கிடக்கும்போது டயப்பர், தண்ணி படுக்கை, யூரின் டியூப் மாத்துறது, ராத்திரி புரட்டிப் போட ஒரு ஆளு, இதுக்கெல்லாம் முதலமைச்சர் காப்பீடும் வராது, காசு கட்டி எடுத்த மெடிக்ளைமும் பெரும்பாலும் வராது. கொஞ்சம் கைகொடுக்குறது மக்களைத் தேடி மருத்துவம்தான், 2021 ஆகஸ்ட்ல நம்ம சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியிலதான் ஆரம்பிச்சாங்க, பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, படுக்கையில இருக்குறவங்களுக்கு பிசியோதெரபியும் வலி குறைக்குற சிகிச்சையும் வீட்டுலயே கொடுக்குறாங்க, கேக்கத் தெரியாம விட்டுடுறாங்க. முதியோர் உதவித்தொகை 2023-ல 1,200 ஆச்சு, டயப்பருக்கே அது பத்தாது.

என் கடைக்கு வர்ற ஒரு அக்கா கதை சொல்றேன். கல்யாணம் ஆன புதுசுலயே எனக்குப் பங்கு வேணாம்னு அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டாங்க, ஒரு பவுன் நகையும் ஒரு பட்டுப் புடவையும்தான் கைக்கு வந்துச்சு. இப்ப அம்மா படுத்த படுக்கை. ஊத்தங்கரையில இருந்து வாராவாரம் பஸ் ஏறி வந்து அம்மாவுக்குத் தலைக்கு ஊத்தி, முதுகுல புண்ணு வராம பவுடர் போட்டு, நகம் வெட்டிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடுறாங்க. பஸ் சார்ஜ் அவங்களோடது, பேரன் பரீட்சைன்னு ஒரு வாரம் வரலைனா அண்ணிகிட்ட பேச்சும் அவங்களுக்குத்தான். நிலத்தை எழுதி வாங்கிக்கிட்ட அண்ணன் தம்பிங்க பெங்களூர்ல இருந்து வீடியோ கால்ல "அம்மா எப்படி இருக்க"ன்னு கேட்டுட்டு வச்சுடுறாங்க. எனக்குக் கோவம் வரும், வெளிய சொல்ல முடியாது. யாரு பார்த்துக்குறாங்களோ அவங்களுக்கு மாசம் இவ்வளவுன்னு நிலத்து வருமானத்துல இருந்து கொடுக்கணும்னு எழுதி வைக்குறதுல என்ன தப்பு? மகளோ மருமகளோ, குளிப்பாட்டுற கைக்கு ஒரு பங்கு எழுதி வைங்க.

பேங்க் விஷயம் இன்னும் கொடுமை. புருஷன் பேர்ல மட்டும் கணக்கு, அவருக்கு நினைவு தப்பிடுச்சு, உள்ள பணம் இருந்தும் பொண்டாட்டியால எடுக்க முடியல, ஆஸ்பத்திரி பில்லுக்குக் கம்மலை அடகு வச்சாங்க. ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம்னு ஜாயிண்ட் கணக்கா மாத்த அரை மணி நேரம் ஆகுமா? நினைவு இருந்து கை மட்டும் வராதவங்க கைரேகை, அதுவும் முடியலைனா கால்விரல் ரேகை வச்சுக்கூட ரெண்டு சாட்சியோட எடுக்கலாம், அதுல ஒரு சாட்சி பேங்க் ஆபீசரா இருக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. அவருக்குப் பதிலா நாம கையெழுத்துப் போட பவர் எழுதி வாங்கிட்டோம் கவலையில்லைன்னு சொல்றவங்க இதையும் கேட்டுக்குங்க, எழுதிக் கொடுத்தவருக்குப் புத்தி தடுமாறிட்டா அந்தப் பவர் அதோட முடிஞ்சுது. மறதி நோய் வந்தவங்க, கோமாவுல இருக்குறவங்க சொத்தைக் கையாளணும்னா ஹைகோர்ட்டு வரைக்கும் போயி கார்டியன்னு உத்தரவு வாங்கணும், பாலக்கோட்டுல இருந்து மெட்ராஸ் போறதுக்குள்ள வீடே காலி. அதனால நல்லா இருக்கும்போதே பண்ணுங்க. நாமினி போட்டா சொத்து அவனுக்குத்தான்னு நினைக்காதீங்க, நாமினி பணத்தை வாங்கி வாரிசுங்களுக்குக் கொடுக்க வேண்டிய ஆளு, அவ்வளவுதான். பேங்க் டெபாசிட்டுக்கு 2025 நவம்பர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம்.

ரோட்டுக்கு நிலம் போயி, இல்ல ரிட்டையர் ஆகி மொத்தமா பணம் வந்தா தெரிஞ்சவன் நடத்துற சீட்டுல கொட்டாதீங்க. போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டத்துல 30 லட்சம் வரைக்கும் போடலாம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி வரும், 2023-ல இருந்து 8.2 பர்சென்ட் கொடுத்துக்கிட்டு வர்றாங்க. பேரன் பைக்குக்கு அதை உடைக்காம இருந்தா அதுவே உங்களைப் பார்த்துக்குற ஆயாவுக்குச் சம்பளம்.

வெண்டிலேட்டர்ல போட்டு வச்சுக்கணுமா வேணாமாங்குறதையும் இப்ப முன்கூட்டியே எழுதி வைக்கலாம், 2018-ல சுப்ரீம் கோர்ட்டு அனுமதிச்சுது, 2023-ல நோட்டரி முன்னாடி ரெண்டு சாட்சியோட கையெழுத்துப் போட்டா போதும்னு சுலபமாக்கிட்டாங்க. இதைப் பேச வீட்டுல எல்லாருக்கும் பயம், பேசாதீங்கன்னு சாமி மேல சத்தியம் வாங்குறாங்க, எனக்கே எங்க மாமியார்கிட்ட இன்னும் எடுக்க முடியல.

பேப்பர்காரங்ககிட்ட நான் கேக்குறது, அடுத்த தடவை அந்த திங்கக்கிழமை போட்டோ போடும்போது அவங்க எழுதிக் கொடுத்த பத்திரத்துல என்ன வாசகம் இருந்துச்சுன்னு நிருபரை விட்டுக் கேட்டுப் போடுங்க. கூடவே 14567-ங்குற முதியோர் உதவி எண்ணும், எந்த ஆர்டிஓ ஆபீஸுக்குப் போகணும்ங்குறதும். பத்திரம் எழுதுறவங்க சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை, செட்டில்மெண்ட் மாதிரிப் படிவத்துலயே அந்த ரெண்டு வரியையும் டைப் பண்ணி வச்சுக்குங்க, வேணாம்னு சொல்ற அப்பா அடிச்சுட்டுப் போகட்டும், இப்ப வேணும்னு சொல்றவர்தான் தேடித் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கு.

இப்படிக்கு,
பத்திர ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மா,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.