பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை) இரை அட்டவணை: சனிக்குள் எடை அனுப்பவும்

வணக்கம். ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழு அழைப்பில் எல்லோருடைய இரை அட்டவணையையும் பார்க்கிறோம். சனி இரவுக்குள்:

1. பாம்பின் எடையைக் கிராமில் அனுப்புங்கள். இரை விழுங்கி 2 நாள் ஆகவில்லை என்றால் தூக்க வேண்டாம்.
2. கடைசியாக என்று, எவ்வளவு பெரிய எலி கொடுத்தீர்கள்? குட்டிக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்குச் சுமார் 5 சதவீதமே போதும், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை. எலியின் தடிமன், பாம்பின் நடு உடம்பளவு இருந்தால் சரி.
3. உறைந்த எலியை மைக்ரோவேவில் வைக்காதீர்கள்! ஃபிரிட்ஜில் உருகவிட்டு, அப்புறம் வெதுவெதுப்பான நீரில் சூடேற்றுங்கள்.
4. கக்கியிருந்தால் உடனே சொல்லுங்கள். 10 நாளாவது இரை கூடாது.

சாப்பிட மறுக்கிறதா? எடை குறையாதவரை பதற வேண்டாம், இந்த இனம் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும்.

வருபவர்கள் ‘சரி’ என்று பதில் போடுங்கள்.