385 கெஜம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு படிக்கவோ எழுதவோ கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன். பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, கவலைப்படாதே.

பொது அறிவுப் போட்டிக்குப் படிக்கும் உன் பேரன் மாரத்தான் தூரத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்கிறான் என்று எழுதியிருந்தாய். 42.195 கிலோமீட்டர் என்று பத்து முறை எழுத வைத்தாயாமே, வேண்டாமப்பா. அந்தத் தூரம் எப்படி வந்தது என்று சொல்.

1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1908இல் லண்டனில், வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கத்தில் அரச குடும்பத்தின் இருக்கைகளுக்கு எதிரே முடியும்படி ஓட்டத்தை அமைத்தார்கள். அரங்கம்வரை 26 மைல், உள்ளே 385 கெஜம். அந்தக் கணக்கைத்தான் 1921இல் சர்வதேசத் தடகள அமைப்பு நிரந்தரமாக்கியது.

அன்று அரங்கத்துக்குள் முதலில் நுழைந்தவர் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி. களைப்பில் திசை தெரியாமல் தவறான பக்கம் திரும்பினார். விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். பார்க்கப் பொறுக்காமல் அதிகாரிகள் கைத்தாங்கலாகப் பிடித்து முடிவுக்கோட்டைக் கடக்க வைத்தார்கள். பிறர் உதவி பெற்றதால் பதக்கம் போயிற்று. தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்கு. விதிப்படி அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் மனம் பியெட்ரியின் பக்கமே நிற்கிறது. மறுநாள் அரசி அலெக்ஸாண்ட்ரா அவருக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார். அவர் தடுமாறி விழுந்தது அந்த 385 கெஜத்தில்தான் என்று பேரனிடம் சொல்லிப் பார், பிறகு அந்த எண் அவனுக்கு மறக்காது.

ஓய்வில் படுத்திருந்தபோது என் மகள் வாசித்துக் காட்டிய ஒரு செய்தியையும் உனக்குச் சொல்ல வேண்டும். பட்டைவால் மூக்கன் என்ற கரையோரப் பறவை. பிறந்து ஐந்தே மாதமான ஒன்று 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாளில் டாஸ்மேனியாவை அடைந்தது. 13,560 கிலோமீட்டர்! உடலில் பொருத்திய கருவி வழியாகச் செயற்கைக்கோள் அதைப் பின்தொடர்ந்திருக்கிறது. நீந்தும் பறவைகளைப் போல அதற்குக் கால்விரல்களுக்கிடையே சவ்வு கிடையாது, கடலில் இறங்கி இளைப்பாற வழியில்லை. அதனால் புறப்படுமுன் வயிறார உண்டு உடலெங்கும் கொழுப்பைச் சேர்க்கிறது. பறக்கும்போது தேவைப்படாத இரைப்பையையும் குடலையும் உடலே சுருக்கிக்கொள்கிறது. அந்த வழியில் ஒருமுறைகூடப் போயிராத இளம்பறவை இது. கேட்டுவிட்டு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோல்ஃப் பந்தில் ஏன் குழிகள் என்று கேட்டிருந்தாய். வழவழப்பான பந்துக்குப் பின்னால் காற்று விலகி, பந்தைப் பின்னுக்கு இழுக்கும். குழிகள் காற்றைப் பந்தோடு ஒட்டி ஓட வைப்பதால் அந்த இழுப்பு குறைகிறது. அவ்வளவுதான்.

கண் இப்போதே கூசுகிறது, நிறுத்துகிறேன். பேரனுக்கு என் பங்காக ஒரு கேள்வி: வெள்ளிக் கோள் தன்னைத் தானே சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். அங்கே நின்று பார்த்தால் சூரியன் எந்தத் திசையில் உதிக்கும், ஏன்? விடையை நீ சொல்லிக் கொடுக்காதே. அவன் கைப்படவே எனக்கு எழுதச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்