நெல் ஜெயராமன் நினைவு நாள் – டிசம்பர் 6

உறவுகளுக்கு வணக்கம். 2018-இல் நம்மை விட்டுப் போன ஜெயராமன் அண்ணன் மீட்டது 174 பாரம்பரிய நெல் ரகங்கள். அவற்றைப் பூட்டி வைக்காமல் 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாக வாங்கி அடுத்தவருக்குத் தந்தாரே, அதுதான் பெரிய வேலை.

விதை வாங்கியவர்கள் அதே கணக்கில் தை அறுவடையில் திருப்பித் தாருங்கள். உயரமோ கதிர் நிறமோ மாறி நிற்கும் கலப்புப் பயிரை இப்போதே பிடுங்கிவிடுங்கள். வரப்போரக் கதிர் விதைக்கு வேண்டாம். பக்கத்து வயல் ரகம் கலந்திருக்கும். உச்சி வெயில் தவிர்த்துக் காய வையுங்கள். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கி முளைப்பு போய்விடும். சணல் சாக்கே நல்லது. உள்ளே ரகப் பெயர்ச் சீட்டு கட்டாயம்.