வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு

அன்புள்ள குண்டூசி,

உன் வாய்ஸ் நோட்டுக்கு ஒன்பது நாளாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியக்கா ஊருக்குப் போய்விட்டாள். அதிரசம் வந்தது, அன்றைக்கே தீர்ந்தது. மீதியெல்லாம் போனில். இதை எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் நீ வர்ற வெள்ளி மாலை ஆறு மணிக்குப் போய் ஞாயிறு நள்ளிரவு வரை, 54 மணி நேரம், ஸ்டார்ட்அப் வீக்கெண்ட் என்ற நிகழ்ச்சியில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து ஒரு கம்பெனி தொடங்கப் போகிறாய். அதுவும் ஜாக்கெட் தைக்க டெய்லரைத் தேடிக் கொடுக்கும் ஆப்!

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி "ஊக்கு மட்டும்தான் வைக்கணும்க்கா" என்று டெய்லர் சொல்லக் கேட்ட கோபத்தை இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தாயே, அதற்காகவே உனக்கு முதல் பரிசு கொடுக்கலாம்.

வெள்ளி மாலை உன் யோசனையை எல்லோர் முன்னாலும் சொல்ல உனக்கு அறுபது விநாடிதான். எழுதிப் பார்த்தால் எண்பது, தொண்ணூறு சொல்லுக்கு மேல் போகாது. உன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். யாருக்கு என்ன கஷ்டம், அதை எப்படித் தீர்க்கப் பார்க்கிறாய், யார் யார் உனக்கு வேண்டும், அவ்வளவுதான். கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். "தையல் கடைகளில் போய்ப் பேசக் கூச்சமில்லாத இரண்டு பேர், ஒரு வெப் பக்கம் போடத் தெரிந்த ஒருவர்" என்று சொல்லிப்பார், ஆள் தானாக வரும். பிறகு சுவரில் இருக்கும் யோசனைகளுக்கு எல்லோரும் ஒட்டுச்சீட்டு ஒட்டி ஓட்டுப் போடுவார்கள். உன் யோசனைக்கு ஓட்டு விழாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. வேறொரு குழுவில் சேர்ந்துவிடு. அங்கேயும் இதே வேலைதான்.

குழுவில் ஐந்து பேர் போதும். எட்டைத் தாண்டினால் சனிக்கிழமை முழுக்கப் பேச்சிலேயே போகும். இந்த ஏற்பாட்டை 2007 ஜூலையில் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் ஆண்ட்ரூ ஹைட் தொடங்கியபோது, சுமார் எழுபது பேர் சேர்ந்து ஒரே கம்பெனிதான் கட்டினார்கள். பிறகுதான் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரியும் வழக்கம் வந்தது. நான்கு பேர் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறவர்களாகவே வந்து சேர்ந்தால் இரண்டு பேரை மரியாதையாக வேறு குழுவுக்கு அனுப்பிவிடு. ஒவ்வொருவரிடமும் முகத்துக்கு நேராகக் கேள்: ஞாயிறு ராத்திரி வரை இருப்பீர்களா? சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் காணாமல் போவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது.

இனிமேல்தான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் திறக்காதே. உன் வாய்ஸ் நோட்டில் ஏழு நிமிஷம் ஆப்பைப் பற்றியே பேசியிருக்கிறாய். முதல் ஸ்கிரீன், இரண்டாவது ஸ்கிரீன், டெய்லருக்கு நட்சத்திரம் கொடுப்பது. காசு கொடுக்கப்போவது யார் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. புடவைக்காரியா, டெய்லரா? இது தெரியாமல் எந்த ஸ்கிரீனை வரைந்தாலும் வீண்.

காலை எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். இரண்டு பேர் மதுரை குன்னத்தூர் சத்திரத்துக்கு, புதுமண்டபத்திலிருந்து மாறிப்போன தையல்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு பேர் விளக்குத்தூண் பக்கம், ஜவுளிக்கடையிலிருந்து பையோடு வெளியே வருகிற பெண்களிடம். மதியம் இரண்டு மணிக்குள் இருபத்தைந்து பேரிடமாவது பேசியிருக்க வேண்டும். "இப்படி ஒரு ஆப் வந்தால் வாங்குவீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதே. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். நடந்ததைக் கேள். கடைசியாக எப்போது துணி கொடுத்தீர்கள்? எந்தத் தேதி சொன்னார், எந்தத் தேதியில் வந்தது? எத்தனை நடை? அதற்குப் பிறகும் அதே டெய்லரிடம்தான் போகிறீர்களா, ஏன்? இந்தக் கடைசிக் கேள்வியை விடவே விடாதே. "அவர்தான்க்கா எனக்குக் கை அளவு சரியா வெட்டுவார்" என்று பாதிப் பேர் சொன்னால், புது டெய்லரைத் தேடிக் கொடுக்கும் ஆப் யாருக்கும் வேண்டாம் என்று அர்த்தம். பழைய டெய்லர் சொன்ன தேதியில் கொடுத்தால் அவர்களுக்குப் போதும்.

டெய்லரிடம் ஆர்டர் நோட்டைக் காட்டச் சொல்லிக் கேள். தயங்கினால் விட்டுவிடு. காட்டினால் பேர், போன் நம்பர் தெரியாமல் ஒரு பக்கம் போட்டோ எடுத்துக்கொள். எங்கே தாமதமாகிறது என்று பார்க்க வேண்டும். வெட்டுவது மாஸ்டர், தைப்பது பீஸ் கணக்கில் ஆள், ஹெம்மிங்கும் ஊக்கும் வெளியே யாரோ வீட்டில் வைத்துச் செய்கிறார்கள். முகூர்த்த மாசத்தில் வந்த துணியை வேண்டாம் என்று திருப்பினால் வாடிக்கையாளர் போய்விடுவார் என்று எல்லாவற்றையும் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஆடியில் அதே கடையில் மெஷின் சும்மா நிற்கும். அப்படியானால் அவருக்கு வேண்டியது ஆர்டரா, ஊக்கு வைக்க ஆளா, எந்தத் தேதிக்குமேல் துணி வாங்கக்கூடாது என்று சொல்லும் ஒரு காலண்டரா? இந்த மூன்றில் எது என்று சனிக்கிழமை மதியம் தெரிந்துவிட்டால் உன் வார இறுதி பிழைத்தது.

யோசனை அங்கேயே மாறினால் பதறாதே. 2011இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த இதேபோன்ற வார இறுதியில், பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் யோசனையோடு வந்தவர்கள் டாக்சி கூப்பிடும் ஆப்போடு வெளியே போனார்கள். அதுதான் ஈஸி டாக்சி.

கணக்கையும் அந்த மதியமே போட்டுப் பார்த்துவிடு. தையல் கூலி 400 என்று வைத்துக்கொள், உங்களுக்கு 15 சதவீதம், அதாவது 60 ரூபாய். துணியை வாங்கி டெய்லரிடம் கொடுக்க ஒரு நடை, தைத்ததைத் திருப்பிக் கொடுக்க ஒரு நடை, நடைக்கு 40. ஒரு ஜாக்கெட்டுக்கு 20 ரூபாய் கைநஷ்டம்! நான்கு ஜாக்கெட் சேர்ந்து வந்தால் 240 வரவு, 80 செலவு, 160 மிச்சம். இப்படி வரும் நான்கு ஆர்டரில் ஒன்று ஆல்ட்டருக்குத் திரும்பி வந்தால் அதற்கு இன்னும் இரண்டு நடை, ஆர்டருக்கு 20 ரூபாய் கழித்துக்கொள். 140. ஆக, ஒற்றை ஜாக்கெட் எடுக்கக்கூடாது, கல்யாண வீட்டைத்தான் பிடிக்க வேண்டும். நீ நேரில் கேட்டுவந்த கூலியை வைத்து இதைத் திரும்பப் போடு. நடுவர்களும் இதைத்தான் தோண்டுவார்கள். அவர்கள் பார்ப்பது மூன்று: வாடிக்கையாளரிடம் சோதித்தீர்களா, காசு எப்படி வரும், செய்து காட்டியது எந்த அளவுக்கு ஓடுகிறது.

கட்டும் விஷயத்தில் மூன்று குழி இருக்கிறது. மூன்றிலும் சனிக்கிழமை ராத்திரி யாராவது விழுகிறார்கள். ஒன்று, ஓடிபி வைத்த லாகின். இந்தியாவில் கம்பெனிகள் எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி என்ற பதிவேட்டில் பதிவு வேண்டும், அனுப்பும் வாசகத்துக்குக்கூட முன் அனுமதி வேண்டும். இரண்டு நாளில் நடக்காது. லாகினே வேண்டாம். இரண்டு, ஆன்லைனில் காசு வாங்கும் பேமென்ட் கேட்வே. கேஒய்சி முடியாமல் நிஜக் காசு வாங்க விடமாட்டார்கள். ஒருவருடைய யுபிஐ க்யூஆரை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள், போதும். மூன்று, பிளே ஸ்டோர். 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கென்றால், 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்த்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும். ஆகவே ஆப் என்ற சொல்லையே மறந்துவிடு. ஒரு வெப் பக்கம், ஒரு கூகுள் ஃபார்ம், ஒரு ஷீட், ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் நம்பர். பின்னால் இருந்து நீங்களே கையால் எல்லாவற்றையும் செய்யுங்கள். "உங்கள் துணி வெட்டியாச்சு" என்று மெசேஜ் போவதுதான் வாடிக்கையாளருக்கு முக்கியம், அதைப் போட்டது மெஷினா நீயா என்று அவர் கேட்கப்போவதில்லை.

சனி மாலைக்குள் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிடு. தேதிக்குள் கொடுக்காவிட்டால் திருப்பித் தருவோம் என்று எழுதிக் கொடு, சொன்னபடியே கொடு. நூறு பேர் "நல்லா இருக்கு" என்று சொன்னதைவிட அந்த ஒரு நூறு ரூபாய் பெரிசு.

ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குக் கட்டுவதை நிறுத்து. யாராவது "இன்னும் ஒரே ஒரு பட்டன்" என்று கெஞ்சுவார்கள், மசியாதே. ஓடுவதை அப்படியே வீடியோவாகப் பதிவு செய்துவைத்துக்கொள், மேடையில் வைஃபை கைவிடும். நடுவர்கள் முன்னால் பேசும் ஐந்து நிமிஷப் பேச்சை ஒருவரே பேசட்டும், குறைந்தது ஆறு தடவை கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும், லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் மாட்டும் கன்வெர்ட்டரும் நீயே கொண்டு போ.

அடியே, இனி சொல்வதை விளையாட்டாக எடுக்காதே. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்திலேயே ஒரு தாளில் எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு யார் தொடர்கிறார்கள், தொடராதவர் செய்த வேலையை மற்றவர்கள் பயன்படுத்தலாமா, வெப் முகவரியும் இன்ஸ்டா கணக்கும் யார் பேரில். கோடு எழுதியவருக்குத்தான் அதன் உரிமை. அதை இன்னொருவருக்கு மாற்ற எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்றுதான் 1957 பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது. வாய்ப்பேச்சு நிற்காது. பரிசு வாங்கிய சந்தோஷத்தில் யாரும் இதைப் பேச மாட்டார்கள், ஆறு மாசம் கழித்து நல்ல சிநேகிதர்கள் முகம் பார்க்காமல் போவதற்கு இதுதான் காரணம். பங்கு பிரிப்பதானால் நான்கு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படியும், முதல் வருஷம் முடியாமல் போனால் ஒன்றும் இல்லை என்றும் வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடவே தொடாதே. உன் வேலை நியமனக் கடிதத்தை எடுத்து, வேலை நேரத்துக்கு வெளியே செய்வதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே படி. திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம், கம்பெனிப் பதிவு இரண்டும் கூடாது. முதலில் அட்வான்ஸ் வாங்கிய ஜாக்கெட்டுகளைச் சொன்ன தேதியில் கொடுத்து முடியுங்கள்.

பச்சைப் பட்டுக்கு எடுத்த ஜாக்கெட் துணியும் அளவு ஜாக்கெட்டும் கூரியரில் வருகிறது. நூறு ரூபாயும் அனுப்பிவிடுகிறேன். ஆனால் அதை அட்வான்ஸ் கணக்கில் எழுதிவிடாதே, தெரிந்தவர்கள் காசு சேராது.

உன்,
மூன்றாவது பெஞ்சுக்காரி